நகையில இருக்குற பொடி எழுத்தைப் படிச்சுப் பாத்திருக்கீங்களா?

குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு.

"916 நகையை விட கேடிஎம் நகைதான் சுத்தம். கடைக்காரன் சொல்ல மாட்டான். நாமதான் கேட்டு வாங்கணும். அனைவருக்கும் பகிரவும்."

அனுப்பினது எங்க பெரிய அத்தை. கீழ சித்தப்பா ஒரு கும்பிடு போட்டிருக்கார். ஒரு மாமா "பயனுள்ள தகவல்"னு எழுதியிருக்கார்.

எனக்கு எரிச்சல்னா எரிச்சல்.

பொதுவா நான் ஃபார்வர்டுக்கெல்லாம் வாயே திறக்க மாட்டேன். (வெறும் வயித்துல வெண்டைக்காய்த் தண்ணி குடிச்சா சர்க்கரை ஓடிப்போயிடும்ங்கிறதையெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டி வந்தவ.) ஆனா இது காசு விஷயம். அதுவும் தை மாசம் எங்க வீட்டுல கல்யாணம். நகை எடுக்கப் போற கூட்டத்துக்கு அத்தைதான் தலைவி. தங்கம் விக்கிற விலைக்கு, அவங்க கடையில போய் உக்காந்து "எங்களுக்கு 916 வேணாம், கேடிஎம் காட்டுங்க"ன்னு சொன்னா அந்தப் பையன் உள்ள போய் சிரிச்சுட்டு வருவான். இல்லேன்னா, அதை விட மோசம், "ஆமாம்மா, இதோ கேடிஎம்"னு எதையாவது எடுத்து வைப்பான்.

அதனால ஒரு ஞாயித்துக்கிழமை லென்ஸும் கையுமா அத்தை வீட்டுக்கே போயிட்டேன். கட்டில் மேல வெள்ளை வேட்டியை விரிச்சு, லாக்கர்ல இருந்து கொண்டு வந்திருந்த மொத்த நகையையும் பரப்பினோம். ஒவ்வொண்ணா எடுத்து முத்திரையைத் தேடினோம். சாயங்காலம் வரைக்கும் இதே வேலைதான். அத்தைக்கு முதல்ல சலிப்பு, அப்புறம் என்னை விட ஆர்வம்.

சரி, முதல்ல 916-ஐ முடிச்சுடலாம்.

நகையோட மொத்த உலோகத்தை 24 பங்குன்னு வச்சுக்குவோம். அதுல 22 பங்கு தங்கம், மிச்சம் 2 பங்கு செம்பு, வெள்ளி மாதிரி வேற ஏதாவது. அதுதான் 22 கேரட். 22-ஐ 24-ஆல வகுத்தா 0.9166. ஆயிரத்துக்கு எவ்வளவுன்னு எழுதினா 916. முடிஞ்சுது. "916 தங்கம்"னு தனியா ஒரு சாதி கிடையாது. "இது 22 கேரட்டா, இல்ல 916-ஆ?"ன்னு கடையில ரொம்ப சீரியஸா கேக்குறவங்களை நான் பாத்திருக்கேன். ரெண்டும் ஒண்ணுதாங்க.

இதே கணக்குதான் மத்ததுக்கும். 23 கேரட்டுன்னா 958. 20-ன்னா 833. 18-ன்னா 750. 14 கேரட்டுக்கு கணக்குப்படி 583 வரணும், ஆனா முத்திரையில 585-ன்னு இருக்கும். கொஞ்சம் கூடவே தரணும்னு தரம் வச்சுட்டாங்க, நமக்கு லாபம்தான். 24 கேரட்டுக்கு 1000 வரும்னு எதிர்பாப்பீங்க. வராது. நகைல 24-க்கு 995. தங்கக் காசுல 999-னு பாத்திருப்பீங்க.

"அப்ப 24-லயே நகை பண்ணிட வேண்டியதுதானே?"ன்னு அத்தை கேட்டாங்க.

பண்ணலாம். வளைஞ்சுடும். சுத்தத் தங்கம் அவ்வளவு மெத்துனு இருக்கும். கல்லைப் பிடிக்கிற கொக்கி கொஞ்ச நாள்ல விட்டுக் குடுத்துடும். வைரத் தோடெல்லாம் 18 கேரட்ல வர்றதுக்கு இதுதான் காரணம், கல்லை இறுக்கிப் பிடிக்க உலோகம் விறைப்பா இருக்கணும். இது தெரியாம, வைரத் தோட்டை மாத்தப் போற அன்னிக்கு "என்னது, 750-ஆ? அப்ப ஏமாத்திட்டாங்களா?"ன்னு என் தோழி ஒருத்தி கடையில அழுதுட்டா. ஏமாத்தல. வாங்கின பில்லுலயே 18-ன்னு இருந்துச்சு. விக்கும்போது தங்கத்துக்கு 22 விலை போட மாட்டாங்க, அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. ஒரு பவுன்னா 8 கிராம். 22 கேரட் பவுன்ல அசல் தங்கம் 7.33 கிராம் இருக்கும். 18 கேரட் பவுன்ல 6 கிராம்தான். பலகையில எழுதிப் போடுற 22 கேரட் விலையை 22-ஆல வகுத்து 18-ஆல பெருக்குங்க. 18 கேரட் விலை கிட்டத்தட்ட அங்கதான் நிக்கணும். ரொம்ப மேல நின்னா ஏன்னு கேளுங்க.

(பவுன்னதும் ஒரு விஷயம். நம்ம பவுனும் சவரனும் வெள்ளைக்காரன் காசுல இருந்து வந்தது. அந்த சவரன் காசு 7.988 கிராம், 22 கேரட். நாம அதை 8 கிராம்னு முழுசாக்கிட்டோம். 22 கேரட்டுங்கிறதை மட்டும் விடவே இல்ல. ராணி போயாச்சு, ராஜா போயாச்சு, திருச்சி பெரிய கடை வீதியில இன்னும் அவங்க காசோட எடையிலதான் கல்யாணம் பேசுறோம்.)

இப்ப கேடிஎம்.

இதை விளக்கணும்னா பத்தரோட பட்டறைக்குள்ள கொஞ்சம் போகணும். சங்கிலியை ஒரே துண்டா வார்க்க முடியாது. கண்ணி கண்ணியா கோத்து, ஒவ்வொண்ணையும் பத்த வைக்கணும். பத்த வைக்கிற பொடி, நகையை விடக் கம்மி சூட்டுல உருகணும். இல்லேன்னா பொடி உருகுறதுக்குள்ள நகையே உருகி வழிஞ்சுடும். அந்தக் காலத்துல அதுக்காக தங்கத்தோட செம்பும் வெள்ளியும் நல்லாவே கலந்து பொடி தயார் பண்ணினாங்க. அதனால என்ன ஆச்சுன்னா, தகடும் கம்பியும் 22 கேரட்டா இருக்கும், ஒட்டின இடம் அதை விடக் கம்மியா இருக்கும். மொத்தமா உருக்கினா மாத்து இறங்கிடும். வேலைப்பாடு எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு ஒட்டு, அவ்வளவு இறக்கம். பாட்டியோட நகையை உருக்கும்போது "இவ்வளவுதான் தேறும்"னு கடைக்காரர் சொன்னா, எல்லா நேரமும் அவர் திருடுறார்னு அர்த்தம் இல்ல.

அப்ப வந்து சேந்ததுதான் காட்மியம். அதைத்தான் சுருக்கி கேடிஎம்னாங்க. 92 பங்கு தங்கத்தோட 8 பங்கு காட்மியம் கலந்த பொடி. ஒட்டுற பொடியிலயே 92 பங்கு தங்கம் இருக்குறதால, நகையை உருக்கினாலும் 22 கேரட்டுக்கு பங்கம் வராது. அந்த வகையில அது நல்ல கண்டுபிடிப்புதான். அத்தை காலத்துல "கேடிஎம்"னா பெருமைன்னு நினைச்சது காரணம் இல்லாம இல்ல.

ஆனா காட்மியம் 767 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிடும். தங்கத்தைப் பத்த வைக்கிற சூடு அதுக்கு மேல. ஊதுகுழலை வாயில வச்சுக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருக்குற பத்தர் மூஞ்சிக்கு நேரா அந்தப் புகை போகும். நுரையீரலைக் கெடுக்கும், கிட்னியைக் கெடுக்கும். ஹால்மார்க் நகையில, அதாவது சுத்தத்தைச் சோதிச்சு முத்திரை போட்ட நகையில, காட்மியத்துக்கு இப்ப அனுமதி கிடையாது. துத்தநாகம் மாதிரி வேற உலோகம் வச்சு பொடி பண்றாங்க.

ஆக, கேடிஎம்ங்கிறது எப்படி ஒட்டினாங்கங்கிற சமாச்சாரம். 916-ங்கிறது எவ்வளவு தங்கம்ங்கிற சமாச்சாரம். ரெண்டுல எது சுத்தம்னு கேக்குறது, பொன்னி அரிசி நல்லதா குக்கர் நல்லதான்னு கேக்குற மாதிரி. கேடிஎம்னு ஒரு முத்திரை இருந்தா அது கடையில குத்தினது, சோதனை பண்ணி யாரும் போட்டது இல்ல.

அத்தை சங்கிலி ஒண்ணுல கொக்கிக்குப் பக்கத்துல "கேடிஎம்"னு அழகா இருந்துச்சு. தொண்ணூறுகள்ல எடுத்தது. "அப்ப இது?"ன்னு முகத்தைத் தொங்கப் போட்டுட்டாங்க. அது 22 கேரட்டாவே இருக்கலாம் அத்தை, அந்த மூணு எழுத்து அதுக்கு சாட்சி இல்லைன்னேன்.

அப்படியே பெட்டியைக் கிளறினா, முத்திரை எப்படியெல்லாம் மாறிச்சுங்கிறது வரிசையா தெரிஞ்சுது. இதுதான் எனக்கு அன்னிக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

பாட்டியோட அட்டிகையில ஒண்ணுமே இல்ல. பின்பக்கம் ஏதோ கீறல் மாதிரி ஒரு எழுத்து, செஞ்ச பத்தரோட அடையாளமா இருக்கும். அந்தக் காலத்துல முத்திரை வேணாம், பத்தரைத் தெரிஞ்சா போதும். உரைகல்லுல உரசி, திராவகம் விட்டு, தெரிஞ்ச தங்கத்தோட கோட்டையும் இந்தக் கோட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து மாத்து சொல்லுவாங்க. பத்தரை மாத்துன்னா முழுச் சுத்தம். (கணக்குப் போட்டுப் பாத்தேன், நம்ம 22 கேரட் அந்த அளவுல ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேல வருது. "நீ பத்தரை மாத்துத் தங்கம்டி"ன்னு யாராவது கொஞ்சினா நகைக்கு லாயக்கில்லாத அளவுக்கு மெத்துனு இருக்கேன்னு எடுத்துக்கலாம்.)

அடுத்து மாமா குவைத்துல இருந்தப்ப வாங்கிட்டு வந்த வளையல். அதுல 875. அத்தை இத்தனை வருஷமா அதை 22-ன்னே நினைச்சிருக்காங்க. 875-ன்னா 21 கேரட். வளைகுடா நாடுகள்ல 21 ரொம்ப சகஜம். "வெளிநாட்டுத் தங்கம்னா சுத்தம்"னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கே, அதை அந்த வளையல் சத்தமில்லாம உடைச்சுடுச்சு. துபாய்ல வாங்கின 916-ம் திருச்சியில வாங்கின 916-ம் ஒண்ணேதான். விலையும் வரியும் வேற வேறயா இருக்கலாம், தங்கம் அதே தங்கம்.

அடுத்து அண்ணிக்குப் போட்ட நெக்லஸ். அதுல ஒரு வரிசையே இருந்துச்சு. முக்கோணத்துக்குள்ள புள்ளி வச்ச பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், 916, சோதனை நிலையத்தோட அடையாளம், ஒரு ஜே, கடையோட அடையாளம்.

அந்த ஜே யாரோட இனிஷியல்னு ரொம்ப நேரம் குடும்பத்துல விவாதம். யாரோடதும் இல்ல. வருஷம்! பிஐஎஸ் தங்க ஹால்மார்க்கை 2000-ல ஆரம்பிச்சப்ப, முத்திரை குத்தின வருஷத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து வச்சாங்க. 2000-க்கு ஏ, 2001-க்கு பி, அப்படியே போய் 2008-க்கு ஜே. (விரல் விட்டு எண்ணினா 2008-க்கு ஐ தானே வரணும்? ஐ-யை விட்டுட்டாங்க.) அண்ணி கல்யாணம் 2008 ஆவணி. சரியா இருந்துச்சு. உங்க வீட்டுல அந்தக் காலத்து நகை இருந்தா எடுத்துப் பாருங்க, கல்யாணத் தேதி மறந்த வீட்டுக்காரருக்கு ரொம்ப உபயோகம். 2017-ல இருந்து இந்த வருஷ எழுத்து கிடையாது.

கடைசியா, போன வருஷம் எடுத்த ஒரு செயின். அதுல மூணே சமாச்சாரம். பிஐஎஸ் முக்கோணம். 22-ம் 916-ம் சேத்து ஒரு வரி. அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம்.

அந்த ஆறு இலக்கம்தான் இன்னிக்கு முக்கியம். ஹெச்யூஐடின்னு பேர். நகைக்கு ஆதார் எண்ணுன்னு வச்சுக்குங்க. 2021 ஜூன்ல இருந்து 256 மாவட்டத்துல ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கினாங்க, அப்புறம் கட்டம் கட்டமா மாவட்டங்களைச் சேத்தாங்க. ஜூலை 1-ல இருந்து இந்த ஆறு இலக்க எண் வந்துச்சு. 2023 ஏப்ரல் 1-க்கு அப்புறம் இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில விக்கக் கூடாதுன்னு ஆச்சு. அதுக்காக அண்ணியோட நெக்லஸ் செல்லாதுன்னு பயப்பட வேணாம். நம்ம கையில இருக்குற பழைய ஹால்மார்க் செல்லும். தடை விக்கிற கடைக்குத்தான்.

இந்த எண்ணை பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு, அதுல போட்டுப் பாக்கலாம். இலவசம். நகை வாங்குற யாரும் இதைப் பண்றதா எனக்குத் தெரியல. ஆட்டோக்காரர்கிட்ட மீட்டர் போடச் சொல்லி சண்டை போடுவோம், கொத்தமல்லிக் கட்டு ஓசியா கேப்போம், லட்சக்கணக்குல நகை வாங்குறப்ப மட்டும் கடையில குடுக்குற குளிர்பானத்தைக் குடிச்சுட்டு பெட்டியை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு வந்துடுவோம்.

அன்னிக்கு நாங்க பாத்தோம். பாக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

லேசர்ல அடிச்ச எழுத்து, கடுகை விடச் சின்னது. வெறும் கண்ணுக்கு அழுக்கு மாதிரி தெரியும். ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சா தங்கம் மினுக்கி எழுத்து மறைஞ்சுடுது. போன் கேமராவைக் கிட்ட கொண்டு போனா கலங்குது. அத்தை பேரன் வந்து, "கிட்ட போகாதீங்க, தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க"ன்னான். அது கொஞ்சம் தேவல. கடைசியில, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சம் சாய்வா விழுற மாதிரி பிடிச்சு, அத்தை பூஜை அறையில இருந்து ஒரு சிட்டிகை விபூதி எடுத்துத் தேச்சுத் துடைச்சாங்க பாருங்க, கீறலுக்குள்ள விபூதி நின்னு எழுத்து பளிச்சுனு வந்துடுச்சு. (அத்தைக்கு அதுல ஒரு தெய்வ நம்பிக்கை வேற.) எட்டா பி-யா, சைபரா ஓ-வான்னு ஒரு சண்டை நடந்துச்சு. மாத்தி மாத்திப் போட்டதுல ஒண்ணு பிடிச்சுக்கிச்சு.

கடையில இவ்வளவு பாடு வேணாம். அவங்ககிட்ட லென்ஸ் இருக்கணும், கேட்டா காட்டணும். நீங்க பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் கேளுங்க. காட்டலேன்னா எழுந்துடுங்க.

ஆப்புல எண்ணைப் போட்டா கடையோட பதிவு எண், சோதனை பண்ண நிலையத்தோட பேரு, எப்ப முத்திரை போட்டாங்க, எவ்வளவு சுத்தம், அது என்ன நகைங்கிறது வரைக்கும் வரும். இந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க. கையில இருக்குறது வளையல், ஆப்புல வர்றது மோதிரம்னா, எண் எங்கயோ இருந்து வந்திருக்குன்னு அர்த்தம். முத்திரை போலின்னா அதை இப்படித்தான் பிடிக்க முடியும். முக்கோணத்தை யார் வேணா குத்தலாம், ஆறு இலக்கத்தைப் பொருந்த வைக்கிறது கஷ்டம்.

இன்னொண்ணு. முத்திரை போடுறது கடை இல்ல. கடைக்காரர் நகையை, பிஐஎஸ் அங்கீகரிச்ச சோதனை நிலையத்துக்கு அனுப்பணும். அங்க எக்ஸ்-ரே மிஷின்ல காட்டுவாங்க. அது மேல் தோலைத்தான் பாக்கும், முலாம் பூசினதுகிட்ட ஏமாறும். அதனால அனுப்பின நகைகள்ல சிலதை எடுத்து ஒரு சிட்டிகை சுரண்டி புடம் போடுவாங்க. நிஜமாவே புடம்தான். சுரண்டினதை எடை போட்டு, வெள்ளி சேத்து, ஈயத் தகட்டுல சுத்தி, உலையில வைப்பாங்க. ஈயமும் செம்பும் துருவா மாறி அடியில இருக்குற கிண்ணத்துக்குள்ள இறங்கிடும். மேல தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு மணி நிக்கும். அதைத் தட்டித் தகடாக்கித் திராவகத்துல கொதிக்க விட்டா வெள்ளி கரைஞ்சு போயிடும். மிச்சம் நிக்கிறதை எடை போட்டா அதுதான் தங்கம். நூத்தாண்டுகளா இருக்குற முறை, இன்னிக்கும் கடைசித் தீர்ப்பு இதுதான்.

இதுக்கு என்ன செலவுன்னு நினைக்கிறீங்க? 2022 மார்ச்ல இருந்து ஒரு நகைக்கு 45 ரூபாய், மேல வரி. அரை பவுன் மோதிரமா இருந்தாலும் 20 பவுன் ஆரமா இருந்தாலும் அதே 45-தான். "ஹால்மார்க் நகைங்க, அதான் கொஞ்சம் கூட"ன்னு யாராவது சொன்னா, எவ்வளவு கூடன்னு நீங்களே சொல்லுங்க.

யூடியூப்ல வீட்டுலயே பாக்குற வழி நிறைய சொல்றாங்க. காந்தம் வைக்கணுமாம். காந்தம் செம்பையும் பித்தளையையும் வெள்ளியையும் கூட இழுக்காது, அதை வச்சு என்ன தெரியும்? பல்லால கடிக்கிறது சினிமாவோட சரி. தண்ணிக்குள்ள விட்டு அடர்த்தி பாக்குறது கணக்கா சரிதான், ஆனா உள்ள கூடா இருக்குற வளையல், அரக்கு அடைச்ச காசுமாலை எல்லாம் மிதக்குற மாதிரி விடை குடுக்கும். எங்க வீட்டு சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழ காட்டவே காட்டாது, அதுல போய் தங்கம் எங்க நிறுக்கிறது. முத்திரை இல்லாத நகைன்னா பேசாம சோதனை நிலையத்துக்கே போங்க. நாமளே நேரா கொடுக்கலாம். நாலு நகை வரைக்கும் 200 ரூபாய், அதுக்கு மேலன்னா ஒண்ணுக்கு 45-ன்னு பிஐஎஸ் கட்டணம் வச்சிருக்கு. ரிப்போர்ட்டும் தருவாங்க. பாட்டி அட்டிகையை விக்கிற எண்ணம் இருந்தா முதல்ல இதைப் பண்ணுங்க, அப்புறம் கடைக்குப் போங்க. அங்க "எவ்வளவு தேறும்?"னு கேக்குறதுக்கும், காகிதத்தை எடுத்து வச்சுட்டுக் கேக்குறதுக்கும் குரல் தொனியே மாறும்.

நடுவுல சரித்திரம் கொஞ்சம். "14 கேரட்லயா நகை போடுவாங்க?"ன்னு அத்தை முகம் சுளிச்சாங்க. ஒரு காலத்துல அதுக்கு மேல செய்யவே கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு. சீனப் போர் முடிஞ்ச கையோட, 1963 தொடக்கத்துல, நிதி மந்திரியா இருந்த மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தார். புது நகை 14 கேரட்டுக்கு மேல போகக் கூடாது. சனங்க வாங்க மாட்டேன்னுட்டாங்க. பத்தர் குடும்பங்கள்தான் வேலையில்லாம தெருவுக்கு வந்துச்சு. அப்புறம் அந்த விதியைத் தளர்த்தினாங்க, 1968-ல தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம்னே ஒண்ணு வந்துச்சு, 1990-ல அதையும் எடுத்துட்டாங்க. சட்டம் போட்டும் குறைக்க முடியாத கேரட்டை இப்ப விலை குறைச்சுக்கிட்டிருக்கு. 2025 ஜூலைல 9 கேரட்டுக்கும் ஹால்மார்க் உண்டுன்னு சொல்லிட்டாங்க. முத்திரையில 375-ன்னு இருக்கும். ஒரு பவுன்ல 3 கிராம் தங்கம். மட்டம்னு நான் சொல்ல மாட்டேன், காலேஜ் போற பொண்ணு தினமும் போட்டுக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அதை சீர் வரிசைத் தட்டுல வச்சு "பத்து பவுன்"னு எண்ணுவாங்களோன்னு ஒரு பயம். எண்ணுவாங்க. நம்ம ஆளுங்களைத் தெரியாதா.

இப்ப எனக்கு நிஜமா சொல்ல வேண்டியது. முத்திரை சொல்றது சுத்தம் ஒண்ணைத்தான். எடையைச் சொல்லாது. சேதாரத்தைச் சொல்லாது. செய்கூலியைச் சொல்லாது. கல்லு அசலான்னு சொல்லாது. "916 ஹால்மார்க்குங்க, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னு சொல்றாங்களே, சரியா அந்த இடத்துலதான் கண்ணைத் திறக்கணும்.

கல்லு வச்ச நெக்லஸ் 40 கிராம்னு தராசு காட்டும். அதுல கல்லு எவ்வளவு, அரக்கு எவ்வளவு, தங்கம் எவ்வளவு? கல்லுக்குத் தங்க விலை கொடுத்துட்டு வந்து, திருப்பி விக்கப் போறப்ப "கல்லு எடை கழிச்சுதாங்க"ன்னு கேட்டுட்டு வர்றவங்க எத்தனை பேரு! தஞ்சாவூர் பெரிய கோவில் சுவத்துல ராஜராஜன் காலத்து நகைப் பட்டியல் பொறிச்சு வச்சிருக்காங்க. பொன்னை நிறுக்க ஆடவல்லான்னு ஒரு எடைக்கல். ரத்தினத்தை நிறுக்க தட்சிணமேருவிடங்கன்னு வேற ஒரு கல். சரடு எது, செப்பாணி எது, எதையெல்லாம் நீக்கி நிறுத்தாங்க, எந்த எடையில அரக்கும் சேந்திருக்குங்கிறது வரைக்கும் கல்லுல வெட்டியிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி சாமி நகைக்கே அந்தக் கணக்கு இருந்துச்சு. நாம மொத்த எடையைப் பாத்துத் தலையாட்டிட்டு வர்றோம்.

சேதாரத்தைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். அதே 916 நகைக்கு ஒரு கடையில ஒரு சதவீதம், பக்கத்துக் கடையில அதுக்கு ரெண்டு மடங்கு. முத்திரைல எந்த வித்தியாசமும் இருக்காது. பேரம் பேச இடம் இங்கதான், தங்க விலையில இல்ல.

முத்திரை கட்டாயம் இல்லாத நகையும் உண்டு. 2 கிராமுக்குக் கீழ இருந்தா விலக்கு. மூக்குத்தி, குட்டிக் கம்மல், தாலியில கோக்குற சின்ன உருப்படி எல்லாம் இதுல வந்துடும். வருஷத்துக்கு 40 லட்சத்துக்குக் கீழ வியாபாரம் பண்ற சின்ன கடைக்கும் விலக்கு. குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கும் விலக்கு. அதனால முத்திரை இல்லேன்னதும் போலின்னு கத்தாதீங்க, முதல்ல தராசுல வைங்க. குட்டி நகையிலயும் சில கடைகள் முத்திரை போட்டே தர்றாங்க, அப்படி இருந்தா அந்தக் கடையில எடுக்குறது நல்லது.

பில்லு. பில்லு. பில்லு. நகை என்ன, தங்கத்தோட நிகர எடை எவ்வளவு, எத்தனை கேரட், ஹால்மார்க் கட்டணம் எவ்வளவு, இவ்வளவும் தனித்தனியா பில்லுல இருக்கணும்ங்கிறது விதி. "எஸ்டிமேட்"னு ஒரு துண்டுச் சீட்டு தருவாங்க, வரி மிச்சம்பாங்க. அதை வச்சுக்கிட்டு நாளைக்கு யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. ஹால்மார்க் போட்ட நகையில சொன்ன சுத்தம் இல்லேன்னு சோதனையில தெரிஞ்சா, குறைஞ்ச சுத்தத்துக்கு உண்டான தொகையைப் போல ரெண்டு மடங்கும், சோதனைச் செலவும் வாங்கினவங்களுக்குத் தரணும்னு பிஐஎஸ் விதியில இருக்கு. அது கிடைக்கணும்னா கையில பில்லு இருக்கணும்.

அத்தையோட பில்லுங்களை எடுத்துப் பாத்தோம். பாதி வெள்ளைத் தாள். சூட்டுல அச்சாகுற தாள்ல அடிச்ச பில்லு, வெயில் காலம் ரெண்டு தாண்டினா எழுத்தே இருக்காது. வாங்கின அன்னிக்கே, கடை வாசல்லயே, பில்லையும் ஆப்புல வந்த பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பிடுங்க. அப்புறம் போய் காபி குடிங்க.